ஓட்டை விழுந்த போர் விமானம் எப்படித் திரும்பி வருகிறது?

அடுத்த கேள்வி. உடம்பெல்லாம் ஓட்டையோடு சில போர் விமானங்கள் தரையிறங்குகின்றன, சில ஒரே அடியில் விழுகின்றன, ஏன் என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். ஓட்டை எத்தனை என்பது முக்கியமே இல்லை. இறக்கைத் தகட்டில் நூறு துளை விழுந்தாலும் பறக்கலாம். விமானி, எஞ்சின், எரிபொருள், கட்டுப்பாடு, இந்த நான்கில் ஒன்று போனால்தான் கதை முடியும்.

வியட்நாம் போரில் அமெரிக்காவின் எஃப்-105-ஐப் பாருங்கள். சுமார் 830 கட்டினார்கள், 380க்கு மேல் அந்தப் போரிலேயே போயின. இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பகுதிகளை எண்ணெய் அழுத்தத்தால் திருப்புவதுதான் ஹைட்ராலிக். அதில் மாற்று ஹைட்ராலிக் அமைப்பு இல்லாமல் இல்லை, ஆனால் குழாய்கள் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடின. வீட்டுக்கு இரண்டு சாவி செய்து இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டிவைத்த மாதிரி. ஒரு சிதறல் பட்டால் இரண்டும் போச்சு, விமானி என்ன இழுத்தாலும் விமானம் கேட்காது. பிறகுதான், அப்படி ஆனால் நேராகவாவது பறந்து தன் பகுதிக்குப் போய்க் குதிக்கலாம் என்று, அந்த அசையும் பகுதிகளைப் பூட்டிவைக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

அப்புறம் வந்த அமெரிக்காவின் ஏ-10 போர் விமானம் வேறு சிந்தனை. எஞ்சின்கள் மேலே, தள்ளித் தள்ளி. விமானியைச் சுற்றி டைட்டானியத் தொட்டி. ஹைட்ராலிக் மொத்தமாகப் போனாலும் கேபிள், அதாவது இழுக்கும் கம்பிக் கயிறு, வழியாகக் கை பலத்தில் ஓட்டலாம். 2003 ஏப்ரல் 7 அன்று பாக்தாத் மேலே அமெரிக்க விமானி கிம் கேம்ப்பெல் ஓட்டிய ஏ-10 விமானத்தின் பின்பகுதியில் அடி விழுந்தது, ஹைட்ராலிக் போனது, விமானம் இடப்பக்கமாகப் புரண்டு நகரத்தைப் பார்த்துச் சரிந்தது. அவர் கேபிள் முறைக்கு மாற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, குவைத்தில் தரையிறக்கினார். பின்னால் நூற்றுக்கணக்கான துளைகள்!

எரிபொருள் விஷயம் தனி. நிறைந்த டாங்கியைவிடப் பாதி காலியான டாங்கிதான் வெடிக்கும் ஆபத்து அதிகம், காற்றும் ஆவியும் கலந்து உள்ளே காத்திருக்கும். அதனால்தான் உள்ளே நுரைப்பஞ்சு அடைப்பார்கள், சுவரில் எரிபொருள் பட்டால் ஊதித் துளையை மூடும் ரப்பரும் வைப்பார்கள்.

சரி, புதிய விமானங்கள் எல்லாம் இப்படியா? இல்லை. எஃப்-16-இல் கேபிள் வழியே கிடையாது, எல்லாம் மின்சமிக்ஞை. அதற்கு நான்கு தனி வழிகள் உண்டு, ஆனால் அந்தச் சமிக்ஞைப்படி பகுதிகளை அசைக்கும் ஹைட்ராலிக் மட்டும் இரண்டுதான். அந்த இரண்டும் போனால் இருக்கையோடு வெளியே பாய்வதைத் தவிர வேறு வழியில்லை.