பொன் கம்பியும் பம்ப் வயரும்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பத்தர் பட்டறை இருந்தது. கழுத்துரு என்ற செட்டிநாட்டுத் திருமண நகை வேலை நடக்கும் நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் நிற்பேன். எஃகுத் தகட்டில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகத் துளைகள் இருக்கும். கம்பியச்சு என்று பெயர். பொன் கம்பியின் நுனியைக் கூராக்கித் துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் கவ்வி, பின்னால் சாய்ந்து இழுப்பார் பத்தர். வெளியே வரும் கம்பி கொஞ்சம் நீண்டிருக்கும், கொஞ்சம் மெலிந்திருக்கும். பிறகு அடுத்த துளை. தராசில் வைத்தால் எடை மட்டும் மாறியிருக்காது.

பின்னாளில் நான் இயற்பியல் வாத்தியாராகி, மின்தடை, மின்தடை எண் என்ற பாடம் வரும்போதெல்லாம் அந்தப் பட்டறையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். ஒரு கம்பி தன் வழியே ஓடும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் மின்தடை. கம்பி நீண்டாலும் அது கூடும், மெலிந்தாலும் கூடும். ஒரு சாண் கம்பியை இரண்டு சாணாக இழுத்தாயிற்று. நீளம் இரு மடங்கு. இருப்பது அதே பொன் என்பதால் குறுக்குப் பரப்பு, அதாவது கம்பியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பு, பாதி. நீண்டதற்கு ஓர் இரண்டு, மெலிந்ததற்கு ஓர் இரண்டு, ஆக மின்தடை நான்கு மடங்காகிவிட்டது. ஆனால் பொன் பொன்னாகத்தானே இருக்கிறது? இழுத்தாலும் வெட்டினாலும் அதனோடு கூடவே வருகிற குணம் ஒன்று உண்டு. அதுதான் மின்தடை எண். மின்தடை அந்தக் கம்பிக்கு உரியது, மின்தடை எண் அந்த உலோகத்துக்கு உரியது. பரீட்சையில் பாதிப் பேர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மின்தடையை ஓம் என்ற அலகால் அளக்கிறோம். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் தன் விதியை வெளியிட்டார். உடனே யாரும் கொண்டாடிவிடவில்லை. 1841-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. ஓர் ஆசிரியர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அறை வெப்பத்தில், வெள்ளிக் கம்பி என்றால் ஏறத்தாழ 0.016 ஓம், செம்பு 0.017, பொன் 0.024, அலுமினியம் 0.027. அயர்ன் பாக்ஸிலும் ஹீட்டரிலும் இருக்கும் நிக்ரோம் கம்பிக்கோ ஒரு ஓமுக்கும் மேல், செம்பைப்போல அறுபது மடங்கு! கடையில் "ஒன்றரை எம்.எம். வயர்" என்று கேட்கிறோமே, அது விட்டக் கணக்கு இல்லை. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு என்று அர்த்தம்.

நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்கட்டுக் கிணறு. எங்கள் வீட்டு மெயின் போர்டிலிருந்து கிணற்று மோட்டாருக்கு 60 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, ஆக 120 மீட்டர் கம்பி. வயரிங் செய்தவர் ஒரு எம்.எம். செம்பு வயரை இழுத்துவிட்டுப் போய்விட்டார். கணக்குப் போட்டால் இரண்டு ஓம். மோட்டார் 10 ஆம்பியர் எடுத்தால் 20 வோல்ட் வழியிலேயே போச்சு. 200 வாட் வெறும் சூடாகச் சுவருக்குள் போகிறது. மோட்டார் கிளம்பும் நொடியிலோ பல மடங்கு மின்னோட்டம் கேட்கும், வழியில் போகும் வோல்ட்டும் அதே மடங்கு கூடும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் எங்கள் மோட்டார் உர்ரென்று உறுமும், சுற்றாது. கெப்பாசிட்டரை இரண்டு தடவை மாற்றினோம், மோட்டாரைத் திட்டினோம். கடைசியில் ஒரு நாள் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, நாலு எம்.எம். வயர் போடச் சொன்னேன். இரண்டு ஓம் அரை ஓமாக இறங்கியது. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடியது. வகுப்பில் இத்தனை வருஷம் நடத்தியவன் இதை முதல் நாளே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் ஆபத்தானது. வெளியிலிருந்து வரும் அலுமினியக் கம்பியையும் வீட்டுச் செம்புக் கம்பியையும் கையால் முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். அலுமினியத்தின்மேல் காற்று பட்டவுடன் ஆக்சைடு படலம் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கு நடுவே அரிமானம் தொடங்கிவிடும். நம் காரைக்குடியில், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், அரிமானத்துக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது. அப்படி அரித்துப்போன முறுக்கில் அரை ஓம் ஏறி, அதில் 10 ஆம்பியர் ஓடினால் 50 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை ஒரு விரல்நுனி அளவு இடத்தில் வைத்த மாதிரி.

மீட்டர் பெட்டிப் பக்கம் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தாலோ, வயரின் மேலுறை பழுப்பேறியிருந்தாலோ நீங்களாகத் திறக்க வேண்டாம். உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, செம்பையும் அலுமினியத்தையும் சேர்ப்பதற்கென்றே இருக்கும் கனெக்டரைப் போடச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.