இருட்டில் கூடி உட்கார்ந்தவர்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

"பேய்க்கதை கேட்காதே, ராத்திரி தூக்கம் வராது" என்று சொல்லும் அதே பாட்டிதான் மறுநாள் விளக்கைத் தணித்துவிட்டு, "அந்தப் புளியமரத்துக்கிட்ட..." என்று தொடங்குவார். ஏன் நம்மால் இதை விட முடியவில்லை?

1994 பிப்ரவரியை இங்கே பல பேர் மறந்திருக்க மாட்டீர்கள். ஹொலாண்டா புயல் மொரீஷியஸைப் புரட்டிப் போட்டது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த இருட்டில்தான் 'தூனி மின்வி' வந்தான். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், நடுராத்திரி அம்மணன் என்று பொருள். உடம்பெல்லாம் எண்ணெய், பிடித்தால் வழுக்கிவிடுவான் என்றார்கள். சிலர் லுகாரு என்றார்கள், ஓநாயாக மாறும் மனிதன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தெருவில் ஆண்கள் தடியும் டார்ச்சுமாக முறைபோட்டுக் காவல் நின்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் படுத்தோம். கூரை பறிபோன அடுத்த வீட்டுக்காரர்களும் எங்கள் பாயில்தான். அவன் பிடிபடவேயில்லை. ஆனால் அந்த ராத்திரிகளில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கேட்ட கதைகள் இன்னும் காதில் இருக்கின்றன. அடுத்த புயல் எப்போது, வீடு எப்போது எழும் என்ற கவலைக்கு முகம் கிடையாது. அதைத் தடியால் அடிக்க முடியாது. தூனி மின்விக்கு முகம் இருந்தது.

அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் நான்காகச் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. கடைசியைக் கவனியுங்கள். தம்மை ஆள்பவன்! 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவில் இறங்கிய நம் முன்னோருக்கு அதை யாரும் விளக்கியிருக்க வேண்டாம். துரையைப் பற்றியும், வேலை வாங்கும் கங்காணியான சர்தாரைப் பற்றியும் வாய் திறப்பது ஆபத்து. கரும்புக்காட்டுப் பேயைப் பற்றி விடிய விடியப் பேசலாம். அப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

நம் முனீஸ்வரனையே பாருங்கள். பிதுங்கிய விழி, முறுக்கு மீசை, கையில் அரிவாள். குழந்தை பார்த்தால் அலறும். அவரிடம்தான் ஊர்க்காவலை ஒப்படைத்தோம். காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கினார். அந்த எலும்புருவத்தைத்தான் நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம்.

ஆகவே பிள்ளைகள் திகில் படம் பார்த்தால் திட்டாதீர்கள். நெஞ்சு படபடக்கும், ஆனாலும் படம் முடிந்ததும் விளக்கு எரியும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குள்ள ஒரே வருத்தம், அதைப் போனில் தனியாகப் பார்க்கிறார்கள் என்பதுதான். இன்று ராத்திரி பக்கத்தில் போய் உட்காருங்கள். படம் முடிந்ததும் தூனி மின்வி கதையைச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் யார் யார் காவல் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.