வலிக்கவில்லையா, வலித்தது மறந்துவிட்டதா? எண்டோஸ்கோபி மயக்கம் பற்றி ஒரு நேயர் கேள்வி

வணக்கம். வழக்கமாக நேயர்களின் கேள்விகளை நாலைந்தாகச் சேர்த்து வைத்துத்தான் பதில் சொல்வேன். இன்றைக்கு இந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக்கொள்கிறேன். வந்ததிலிருந்து மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நேயர் எழுதியிருப்பது இதுதான்: "டாக்டர், எனக்குக் கொலனோஸ்கோபி (கேமரா டியூப்பை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். கையில் ஊசி போட்டது நினைவிருக்கிறது. அடுத்து பார்த்தால் வெளியே படுக்கையில் இருக்கிறேன், ஒரு வலியும் தெரியவில்லை. ஆனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவி, 'அம்மா அம்மான்னு கத்தினீங்களே' என்கிறாள். எனக்கு வலித்ததா, இல்லையா? ரெமிமசோலம் என்று புது மருந்து வந்திருக்கிறதாமே, அடுத்த முறை அதைக் கேட்டு வாங்கலாமா?"

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அநேகமாக வலித்திருக்கும். மனைவி பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை.

உங்களுக்குப் போட்டது பெரும்பாலும் மிடசோலமாக இருக்கும். இது வலி மருந்தே அல்ல. பதற்றத்தைக் குறைக்கும், தூக்கம் வர வைக்கும், கூடவே ஊசி போட்டதற்குப் பிறகு நடப்பது எதையும் மூளையில் பதிய விடாது. கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கும், ரெக்கார்டிங் பட்டன் மட்டும் அமுங்கியிருக்காது. அதனால்தான் "இடது பக்கம் திரும்புங்க" என்றால் நோயாளி திரும்புவார், வலித்தால் கத்துவார், அப்புறம் எதுவும் தெரியாது என்பார். மயக்கத்தின் நான்கு படிகளைப் பற்றிய பழைய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இது இரண்டாவது படி, கூப்பிட்டால் பதில் வரும் அளவுக்கான மயக்கம். ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்துப் போட்டிருந்தால் வலி ஓரளவு குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

மறந்துபோன வலி வலியா என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் விட்டுவைக்கவில்லை. டொரண்டோவில் டொனால்ட் ரெடல்மயர் என்ற மருத்துவரும், பின்னால் 2002-இல் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமனும் சேர்ந்து, கொலனோஸ்கோபி செய்துகொண்டவர்களிடம் நிமிடத்துக்கு ஒரு முறை வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்தார்கள். 1996-இல் வந்த ஆய்வு. சிலருக்கு 4 நிமிடத்தில் முடிந்தது, ஒருவருக்கு 67 நிமிடம் ஆனது. பிறகு கேட்டபோது, எவ்வளவு நேரம் வலித்தது என்பது அவர்கள் நினைவில் கணக்கிலேயே வரவில்லை. வலி உச்சத்தில் இருந்த தருணமும் கடைசிச் சில நிமிடங்களும்தான் நின்றன. அதை வைத்து 682 பேரிடம் இன்னொரு சோதனை செய்து 2003-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு, பரிசோதனை முடிந்த பிறகும் ஸ்கோப்பின் (கேமரா டியூப்பின்) நுனியை மலக்குடலில் சில நிமிடம் அசைக்காமல் அப்படியே விட்டு வைத்தார்கள். மொத்த அசௌகரியம் கூடுகிறது, குறையவில்லை. ஆனாலும் அவர்கள்தான் குறைவாக வலித்ததாகச் சொன்னார்கள்! எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. வேண்டாத நேரம் டியூப்பை உள்ளே வைத்திருப்பது நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாமல் இல்லை, சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

ஞாபகத்தை அழிப்பது ஒரு வழி. வலியையே குறைப்பது இன்னொரு வழி, அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. கொலனோஸ்கோபியில் வலி வருவது குடலை வெட்டுவதாலோ குத்துவதாலோ அல்ல. காற்றை ஊதிக் குடல் உப்புவதாலும், பெருங்குடலின் கடைசிப் பக்கம் வளைந்திருக்கும் சிக்மாய்டு பகுதியில் டியூப் வளையமாகச் சுருண்டு குடலின் பிடிப்பை இழுப்பதாலும் வருகிறது. நீங்கள் அம்மா என்று கத்தியது பெரும்பாலும் அந்த வளைவில்தான் இருக்கும். சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு ஊதினால் உடல் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும், பிறகு வயிறு உப்பிக் கிடக்காது. காற்றே இல்லாமல் தண்ணீர் விட்டு, அதை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போகிற முறையும் இருக்கிறது. வலி நன்றாகக் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. நேரம் கொஞ்சம் கூடுதலாகும், அதுதான் பரவாமல் இருப்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, ரெமிமசோலம். இது மிடசோலத்தின் குடும்பம்தான். வித்தியாசம், உடலில் உள்ள எஸ்டரேஸ் என்ற நொதி இதைச் சட்டென்று உடைத்துவிடும், அதனால் சீக்கிரம் தெளியும். அளவு கூடிப்போனால் ஃபுளுமாசெனில் என்ற முறிவு மருந்து போட்டு முறிக்கலாம். ஆழ்ந்த மயக்கத்துக்குப் போடும் ப்ரோபோஃபாலுக்கு அப்படி ஒரு முறிவு மருந்து கிடையாது. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க எஃப்.டி.ஏ. 2020 ஜூலையில் அனுமதி கொடுத்தது. டக்ளஸ் ரெக்ஸ் என்ற மருத்துவர் குழுவின் 461 பேர் கொலனோஸ்கோபி ஆய்வில் ரெமிமசோலம் 91.3 சதவீதம் வெற்றி, மிடசோலம் 25.2 சதவீதம்தான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பலர் அசந்துபோகிறார்கள். வெற்றி என்றால் என்ன என்று அவர்கள் வகுத்ததைப் படியுங்கள்: பரிசோதனை முழுதாக முடிய வேண்டும், வேறு மயக்க மருந்து தேவைப்படக்கூடாது, குறித்த நேரத்துக்குள் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஊசி போகக்கூடாது. மெதுவாக வேலை செய்யும் மிடசோலம் இந்தக் கணக்கில் அடிபடத்தான் செய்யும். நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்காக ஊர் ஊராக அலைய வேண்டாம். ஞாபகத்தை அழிப்பதில் இதுவும் மிடசோலத்தின் தம்பிதான், மனைவி வெளியே கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். "இவர் மறுபடியும் மூச்சு பற்றி ஆரம்பிச்சிட்டார்" என்று பழைய நேயர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உள்ளே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கப் போவதில்லை. அப்படியென்றால் உங்களுக்காக உள்ளே விழித்திருப்பவர் யார்? எந்த மருந்து என்பதைவிட, மூச்சை யார் பார்க்கிறார் என்று கேளுங்கள்.

மிடசோலம் 1980-களில் அமெரிக்காவில் வந்த புதிதில், அதே குடும்பத்துப் பழைய மருந்தான டயஸிபாம் போட்டுப் பழகிய அளவிலேயே சிலர் போட்டார்கள். இது அதைவிட வீரியமானது. மூச்சு அடங்கிப் பலர் இறந்தார்கள். லேபிளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை வந்தது. எமனாக வந்தது மருந்தல்ல, கவனிக்க ஆளில்லாத அறை.

இப்போது எங்கள் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், அதோடு ஒட்டிய மெல்லிய குழாய் ஒன்று வெளிவிடும் காற்றை உறிஞ்சிக் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் கருவிக்குக் கொடுக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் கோடு ஏறி, மேலே சமமாக ஓடி, இறங்கும். ப்ரோபோஃபால் போன சற்று நேரத்தில் நாக்கு பின்னால் சரிகிறது. கோடு ஏறவில்லை. நெஞ்சு அசைகிற மாதிரியே இருக்கிறது, விரல் கிளிப்பில் ஆக்ஸிஜன் அளவு 99 என்றுதான் காட்டுகிறது. ஆக்ஸிஜன் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் அந்த எண் இறங்க நேரமெடுக்கும். தாடையின் கோணத்தில் இரண்டு பக்கமும் விரல் கொடுத்து முன்னால் தூக்கினால் கொர்ரென்று ஒரு சத்தம், கோடு மறுபடி ஏறுகிறது. ஸ்கோப் பிடித்திருக்கும் டாக்டருக்கு இது நடந்ததே தெரியாது, அவர் கண் குடலில் இருக்கிறது. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011-இலிருந்து இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது இதனால்தான்.

ஆராய்ச்சிகளும் இப்போது இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. ஷாங்காயில் 1,994 பேருக்கு வாய்வழி எண்டோஸ்கோபியில், சூடாக்கி ஈரப்படுத்திய ஆக்ஸிஜனை மூக்கு வழியாக வேகமாகச் செலுத்திப் பார்த்தார்கள். சாதாரணக் குழாயில் 8.4 சதவீதம் பேருக்கு ஆக்ஸிஜன் குறைந்தது, இதில் ஒருவருக்கும் இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் செடாசிஸ் என்று ஒரு இயந்திரமே செய்தது. நோயாளி கையில் ஒரு பிடி அதிரும், காதில் "அழுத்துங்கள்" என்று குரல் வரும், அழுத்தாவிட்டால் ப்ரோபோஃபால் குறையும். 2013-இல் அனுமதி, 2016-இல் விற்பனையே நின்றுபோனது. நான் அதற்காக அழவில்லை.

மயக்க மருந்து டாக்டர் இல்லாமல் ப்ரோபோஃபால் கொடுக்கலாமா என்ற சண்டையும் உண்டு. 2009-இல் வெளியான உலகளாவிய தொகுப்பில், எண்டோஸ்கோபி டாக்டரின் மேற்பார்வையில் கொடுத்த 6,46,080 பேரில் 4 மரணம்தான். மயக்க மருந்து டாக்டர்களான எங்களுக்குக் கசப்பான எண், ஆனாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் மருந்தையும் மூச்சையும் கவனித்துக்கொண்டிருந்தார். அவரே பயாப்ஸி (சோதனைக்கு எடுத்த சதைத் துண்டு) டப்பாவுக்கு லேபிள் ஒட்டப் போய்விட்டால் அந்த எண் நமக்குப் பொருந்தாது.

அடுத்த முறை போகும்போது நீங்கள் குறட்டை விடுபவரா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ செமாகுளூடைடு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. ரிசல்ட்டை டாக்டர் உங்களிடம் மட்டும் சொல்ல விடாதீர்கள். "முடிஞ்சுது சார், ஒரு பாலிப் (குடலில் வளரும் சிறு சதை) எடுத்திருக்கோம்" என்றால் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில், "எப்ப உள்ளே கூப்பிடுவீங்க?" என்று கேட்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கூட வந்தவரும் பக்கத்தில் இருக்கட்டும். அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம்.

ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) இருப்பவர்களுக்கு மயக்கம் கொடுப்பது பற்றி இன்னொரு நேயர் நீளமாக எழுதியிருக்கிறார். அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.