கதவே இல்லாத கடலடி விடுதி

(காட்சி: அண்டாத் தண்ணீருக்குள் கவிழ்த்து அமிழ்த்தப்படும் எவர்சில்வர் டம்ளர்)

வணக்கம். ஒரு டம்ளருக்குள், அடிப்பக்கத்தில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். டம்ளரைக் கவிழ்த்து, சாய்க்காமல் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். வெளியே எடுத்தால் காகிதம் நனைந்திருக்காது. உள்ளிருந்த காற்று தண்ணீருக்கு இடம் கொடுக்கவில்லை.

அந்தக் காகிதம் இருந்த இடத்தில் இரண்டு படுக்கையறைகளை வையுங்கள். அதுதான் ஜூல்ஸ் அண்டர்சீ லாட்ஜ்.

(காட்சி: அலையாத்தி மரங்கள் சூழ்ந்த உப்பங்கழி)

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கீ லார்கோ தீவில், 1986 முதல் இங்கே விருந்தினர்கள் தங்குகிறார்கள். ஆனால் விடுதிக்கென்று கட்டிய கூடம் அல்ல இது. 1970களில் போர்ட்டோ ரிக்கோ கடலில் லா சலுப்பா என்ற பெயரில் ஆய்வுக்கூடமாக இருந்தது. வேலை முடிந்த இரும்புக்கூட்டை உடைத்துப் போடாமல் அதற்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறார்களே, அதற்காகவே எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

உள்ளே போகப் படிக்கட்டு கிடையாது, லிஃப்ட் கிடையாது. ஸ்கூபா காற்றுக் குடுவையை முதுகில் மாட்டிக்கொண்டு சுமார் 21 அடி ஆழத்துக்கு இறங்க வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு அங்கேயே பயிற்சி தருகிறார்கள். மாற்றுத்துணி நீர்புகாப் பெட்டியில் தனியாக வந்து சேரும். கூடத்தின் அடியில் நீந்திப் போய்த் தலையை மேலே தூக்கினால், தரையில் வெட்டிய ஒரு திறப்பு. அதுதான் வாசல். அதற்குக் கதவு இல்லை. இரவு முழுக்கத் திறந்தே கிடக்கிறது. கிணற்று நீர்போலக் கடல் அந்த விளிம்போடு நின்றுவிடுகிறது.

எப்படி? கரையிலிருந்து குழாய் வழியே காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அளவு உள்ளிருக்கும் காற்றும் அழுத்துகிறது. கரையில் ஆட்கள் இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள்.

மாலத்தீவில் படியிறங்கிப் போகும் கண்ணாடி அறைகளும் உண்டு. அங்கே கடலைத் தடுப்பது சுவர். இங்கே வெறும் காற்று!

பெரிய வட்டச் சன்னலில் நீலக்கடலை எதிர்பார்க்காதீர்கள். உப்பங்கழி நீர் பச்சையாக, சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கும். அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு மீன் திடீரென்று கண்ணாடியருகே வந்து நிற்கும்போது, பார்வையாளர் அதுவா நாமா என்று தெரியாது. பசித்தால் முக்குளிப்பவர் பீட்சாவைக்கூடக் கொண்டுவந்து தருகிறார். 2023-இல் பேராசிரியர் ஜோசப் டிட்டூரி இங்கே 100 நாட்கள் தொடர்ந்து வாழ்ந்தார்.

(காட்சி: கோலி சோடா உடைபடுகிறது)

கடைசியாக இதைக் கவனியுங்கள். மூடியிருக்கும் சோடாவில் குமிழி தெரியாது. கோலியைத் தட்டியதும் பொங்கும். அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் கூடுதலாக நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அது மெல்ல வெளியேற வேண்டும். விமானத்திலோ காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. அவசரப்பட்டு ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகலாம். ஆகவே அறைக்குப் பதிவு செய்யும் முன் திரும்பும் டிக்கெட்டைப் பாருங்கள். நீரைவிட்டு வெளியே வந்து 24 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும்.