ஊரில் செக்போஸ்ட் இருக்கிறது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிராமத்துப் பெண் கூலி வேலைக்குப் போகத் தடையாக இருப்பது வேலைப் பஞ்சமா, பல சாதி கூடி வாழும் ஊரின் கண்ணா? ஊரின் கண்தான் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார்: "ஊர் என்ன செக்போஸ்ட் போட்டா உட்கார்ந்திருக்கிறது?" போட்டிருக்கிறது ஐயா! திண்ணைதான் அந்த செக்போஸ்ட். எனக்குத் தெரிந்த ஒரு திண்ணையில் ஒரு மாமனார் டியூட்டி பார்க்கிறார்.

அடுத்த தெருக்காரர், வேறு சாதி, அவர் வயலில் களையெடுக்க ஆள் தேடினார்கள். மருமகள் கிளம்பினாள். "நம்ம வீட்டுப் பொம்பள அவங்க வயல்ல குனியிறதா? நாளைக்கு அவன் என் முன்னால மீசையை முறுக்குவானே!" சரி, உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் நூறு நாள் வேலை வந்தது. அதே மருமகள், அதே வெயில், அதே குனிதல். மாமனார் வாயே திறக்கவில்லை! "மருமகள் எங்கே?" என்று யாரோ கேட்க, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கவர்மென்ட் வேலைக்குப் போயிருக்கு" என்றாரே பார்க்கலாம்! ஆபீஸ் எங்கே? கண்மாய்க்குள்ளே! சீட்? கரை மேலே! ஃபைல்? தலையில் இருக்கும் மண்சட்டி!

அந்த நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை செய்வோரில் பெண்கள் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்களே வந்தார்கள். வேலை கிடைத்தது, வந்தார்கள் என்பார் நண்பர். களையெடுப்பும் வேலைதானே? அங்கே கூலி கொடுப்பவர் அடுத்த தெருக்காரர், இங்கே அரசாங்கம். ஒரே சாதி ஊரில் பங்காளி வயலில் அவள் குனிந்தால் எந்த மீசையும் துடிக்காது. உழைத்தே ஆக வேண்டிய தெருப் பெண்களையோ எந்தத் திண்ணையும் மறிப்பதில்லை, அவர்கள் களையெடுத்தால்தானே திண்ணைக்குச் சோறு! சாதி அந்தஸ்தில் மேலே ஏறும் வீடு தன் பெண்களை வெளிவேலையிலிருந்து நிறுத்திவிடும் என்று சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் எப்போதோ எழுதிவிட்டார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று ஐயா. அந்த மாமனாரின் மனைவி வயசுக் காலத்தில் ஊர் வயலெல்லாம் நாற்று நட்டவள். மண்சுவர் மெத்தை வீடானது அவள் கூலியில். அவர் உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு சிமெண்டு பூசியதும் அந்தக் காசில்தான். இன்று நிமிர்ந்து நடக்க முடியாது அவளால். இடுப்புக்குத் தைலம் தேய்க்கும் மருமகளிடம் சொல்கிறாள்: "எனக்கு இடுப்புப் போச்சு தாயி, ஆனா கையில காசு இருந்துச்சு. உனக்கு இடுப்பு நல்லாத்தான இருக்கு, ஏன் அஞ்சுக்கும் பத்துக்கும் அந்த ஆள்கிட்ட நிக்கிற?"