திருப்பணி யாருடைய உரிமை?

(சேலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

சிதைந்த வழிபாட்டிடத்தைச் சீர்செய்வதைத் தொல்லியல் துறையின் வேலை என்றோ பக்தர்கள் பாடு என்றோ ஒதுக்கிவிடுகிறோம். அது மனித உரிமைப் பணியும் ஆகும் என்று சொல்லவே இங்கு நிற்கிறேன்.

மாலி நாட்டின் திம்புக்டு நகரில் 2012ஆம் ஆண்டு ஆயுதக் குழுவினர் இஸ்லாமிய ஞானியரின் அடக்கத்தலங்களை இடித்தார்கள். மழைக்குக் கரையும் அந்த மண் சுவர்களுக்கு ஊரார் கூடி மண் பூசிவருவது தலைமுறை வழக்கம். இடித்தவர்களுள் ஒருவரான அகமது அல் மஹ்திக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் 9 ஆண்டுச் சிறை விதித்தது. மறு ஆண்டு நிர்ணயித்த 27 லட்சம் யூரோ இழப்பீட்டில் கட்டடச் சேதத்தோடு ஊராரின் வருமான இழப்பையும் மனவேதனையையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதற்குள் யுனெஸ்கோ துணையோடு உள்ளூர்க் கொத்தனார்களே பல அடக்கத்தலங்களை எழுப்பிவிட்டிருந்தனர். வெளியூர் ஒப்பந்ததாரர் வந்து சிமெண்டில் கட்டியிருந்தால் சுவர் நின்றிருக்கும், மண் பூசும் உரிமை போயிருக்கும்.

நம் ஊரிலோ சிதைப்பதற்குப் பகைவர் வர வேண்டியதில்லை. அவசரத் திருப்பணியே போதும். கருங்கல்லின் அழுக்கை நீக்குவதற்காக மணலை அழுத்தத்தோடு பீய்ச்சியபோது, யார் நிலம் கொடுத்தார், ஏரி நீரில் எவருக்கு எவ்வளவு பங்கு என்று பொறித்திருந்த எழுத்துகளும் தேய்ந்தன. ஊரின் உரிமைப் பத்திரத்தையே அழித்துவிட்டுக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறோம்.

சுவரே இல்லாத தலங்களும் உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையைத் தெய்வமாகக் கொண்டாடும் டோங்ரியா கோந்த் மக்களின் வழிபாட்டுரிமையை, அங்கே தோண்டத் திட்டமிட்ட பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. நம் சேர்வராயன் மலையுச்சியிலும் மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடியினர் வணங்கும் குகைக் கோயில் இருக்கிறது. தலை குனிந்தே நுழைய வேண்டிய அந்த இருட்டில் சேர்வராயனும் காவேரி அம்மனும் குடியிருக்கிறார்கள். குகைக்கும் காவிரிக்கும் வழி உண்டென்பது மலை மக்களின் நம்பிக்கை. இதே மலைத்தொடரில்தான் பாக்சைட் வெட்டி எடுத்தார்கள். குகையை மட்டும் வேலி போட்டுக் காத்துவிட்டு, சுற்றிலும் மலையைக் குடைந்தால் அதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தம் பண்பாட்டு மரபுக்குக் கேடு வராமல் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. ஏற்காட்டு மலைக் கிராமங்கள் குகையையும் அதைச் சூழ்ந்த மலையையும் சேர்த்தே தீர்மானம் இயற்ற வேண்டும். அங்கே திருப்பணி என்று எதைத் தொடங்கினாலும் அதிகாரிகள் முதலில் அந்தத் தீர்மானத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.