ஒன்றரைச் செக்கன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

போக்குவரத்துப் பொறியியலாளர் சங்கம் எல்லோருக்கும் உரியதாக வளரத் திறமை ஒன்றே போதுமா, பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு நிர்வாகக் குழுவில் இட ஒதுக்கீடும் வேண்டுமா? ஒதுக்கீடு வேண்டும் என்று பேச எழுந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "வீதிக்கு ஆண் பெண் தெரியாது, கணக்குச் சரியாக இருந்தால் போதும்" என்றார். அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

கடவையில் இறங்கிய பாதசாரி மறுகரை சேரச் சமிக்ஞை விளக்கு எத்தனை செக்கன் விட வேண்டும்? வீதியின் அகலத்தை நடை வேகத்தால் வகுக்க வேண்டும். வீதிச் சமிக்ஞைகளுக்கான அமெரிக்கக் கையேடு நெடுங்காலம் அந்த வேகத்தைச் செக்கனுக்கு 4 அடி என்று வைத்திருந்தது. 2009ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது 3.5 அடியாக இறங்கியது. 14 மீற்றர் வீதியில் இதனால் கூடும் நேரம் ஒன்றரைச் செக்கனுக்குச் சற்று மேல். வகுத்தல் அன்றும் சரிதான். யாருடைய கால்களை மனதில் வைத்து வகுத்தார்கள் என்பதில்தான் பிழை. முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு அந்த ஒன்றரைச் செக்கனில் உயிர் இருக்கிறது, ஐயா!

நாளைக் காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். ஓர் அம்மா மரக்கறிப் பையை முதலில் படியில் தூக்கி வைக்கிறார். ஒரு கையால் சேலையை ஒதுக்குகிறார், மறு கையால் கம்பியைத் தேடுகிறார். கால் மேலே வருவதற்குள் பஸ் உறுமத் தொடங்கிவிடுகிறது. அவருக்குப் பின்னால் செயற்கைக் காலுடன் ஒருவர் காத்து நிற்கிறார். போரில் எத்தனை பேர் காலை இழந்த மண் இது! பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் எல்லோரும் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. பஸ் படி மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"திறமை இருந்தால் கதவு தானாகத் திறக்கும்" என்றும் சொன்னார்கள். இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம் நம் தமிழ்ப் பெண். 1964இல் பட்டம் பெற்றவர். பெண்ணுக்குத் திறமை உண்டா என்ற கேள்வி அன்றே முடிந்துவிட்டது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலிருந்தும் பெண்கள் படித்து வெளிவருகிறார்கள். ஆனால் நான் அறிந்த ஒரு சங்கத்தின் குழுக் கூட்டம் கொழும்பில், மாலை ஆறு மணிக்கு, ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுவாள் ஒருத்தி? அவள் பெயர் குழுவில் இல்லாததற்கு அந்த ஆறு மணிதான் காரணம்.

ஒதுக்கீட்டால் தரம் குறையும் என்ற அச்சம் வேண்டாம். பட்டத்திலோ தகுதிப் பரீட்சையிலோ ஒரு புள்ளியைக்கூட நாங்கள் தளர்த்தச் சொல்லவில்லை. தகுதி பெற்றும் வெளியே நிற்கிற பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தலைநகருக்கு வெளியே வேலை செய்கிறவர்களுக்கும் நிர்வாகக் குழுவில் நாற்காலி கேட்கிறோம். கூட்டத்தைப் பகலுக்கு மாற்றுங்கள், தொலைவிலிருந்தும் பேச வழி செய்யுங்கள், தமிழிலும் அறிவித்தல் அனுப்புங்கள் என்கிறோம்.

நடுவர் அவர்களே, பஸ் படியின் உயரத்தை முடிவு செய்யும் குழுவில், அந்தப் படியில் தினமும் சிரமப்பட்டு ஏறுகிற ஒரு பொறியியலாளராவது இருக்க வேண்டும் என்று தீர்ப்பளியுங்கள். நன்றி, வணக்கம்.